எனிஃபா அத்தை போகாத சாவு

எங்கள் சிக்வெம்பே ஊரில் ஒருவரைத் தொலைத்துக்கட்டப் பெரிய குற்றம் எதுவும் தேவையில்லை. அவர் ஒரு சாவுக்கு வராமல் போனால் போதும். கல்யாணத்துக்கு வராதவரை ஒரு கோழி அபராதத்தோடு மன்னித்துவிடுவார்கள். அறுவடைக்குக் கை கொடுக்காதவரைத் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். சாவு வீட்டில் வந்து உட்காராதவரை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள். வரவில்லை என்றால் வருவதற்கு முகமில்லை என்று அர்த்தம். முகமில்லை என்றால், செத்தவரைச் சாகடித்தது யார் என்று அப்புறம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஊர்த் தலைவரையே புதைத்த அன்று எனிஃபா அத்தை வரவில்லை.

அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை. எங்கள் வேலிக்கு அடுத்த வேலி, அவ்வளவுதான். கணவன் ஷிரே ஆற்றில் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாதவன். முதலையா வெள்ளமா என்று யாராவது கேட்டால், "ரெண்டும் ஒண்ணாத்தானே வரும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சு எடுப்பாள். பருத்தி வாங்கும் கொட்டகையில் தராசு பிடித்தாள். அது மூடியதும் கரும்புக் கம்பெனி வாசலில் மாவுருண்டை பொரித்து விற்றாள். சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். அதனாலேயே அவளைச் சிரிக்க வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு வேலையாக இருந்தது.

குழந்தைகளின் ரத்தத்தைப் பார்க்கும் ஆய்வு எங்கள் ஊருக்கு வந்தபோது அவர்கள் தேடியது படிக்கத் தெரிந்த, சைக்கிள் ஓட்டத் தெரிந்த, வாயை மூடத் தெரிந்த ஒரு பெண். படித்தவர்கள் உண்டு, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உண்டு. மூன்றாவதில் எங்கள் ஊரே தோற்றுப் போய் எனிஃபா அத்தை மட்டும் மிஞ்சினாள்.

புளியமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். ஆய்வு டாக்டர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டி, தலைநகரத்தில் இரண்டு குழுக்கள் உட்கார்ந்து யோசித்து அனுமதி கொடுத்திருக்கின்றன என்றார். ஊசி குத்துவதற்கு ஒரு குழு, கேள்வி கேட்பதற்கு இன்னொரு குழு. காய்ச்சலுக்கும் வெளுத்துப்போன ரத்தத்துக்கும் ஊசி. வீட்டு வழக்கங்களுக்குக் கேள்வி.

"எடுக்கிற ரத்தத்தை யாருக்கு விப்பீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டான் லாக்சன். வாடகைக்கு ஆள் ஏற்றிச் சைக்கிள் மிதிக்கிறவன். ஊரில் முதல் சந்தேகம் எப்போதும் அவனுடையது.

"ஒரு சொட்டு தம்பி. ஒரு சொட்டை யார் வாங்குவா?"

"ஒரு சொட்டு ஒரு சொட்டாத்தானே பீப்பாய் நிறையும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது உயிரோடிருந்த பழைய ஊர்த் தலைவரும் சிரித்துவிட்டுச் சம்மதம் சொன்னார். சேர்ந்த வீட்டுக்கெல்லாம் ஒரு கட்டிச் சோப்பு கொடுத்தார்கள்.

என் அப்பா ஃப்ராக்சன் சேரவில்லை. அவர் வெள்ளை அங்கிச் சபைக்காரர். மாத்திரை, ஊசி, ஆஸ்பத்திரி எதையும் தொடக்கூடாது. தண்ணீரைத் தெளித்து ஜெபித்தால் போதும். ஆனால் பக்கத்து வீட்டில் வாங்கிய ஆய்வுச் சோப்பால்தான் அம்மா அவர் அங்கியைத் துவைத்தாள். அப்படி ஒரு வெளுப்பை அந்த அங்கி அதுவரை கண்டதில்லை. கர்த்தரின் கிருபை என்றார் அப்பா. சோப்பின் கிருபை என்று நான் வாய்க்குள் முணுமுணுத்தேன். என் பெயர் உலேமு. மரியாதை என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

என் தம்பிக்கு வைத்த பெயர் திச்சிடெஞ்சி. 'என்ன செய்வோம்' என்று அர்த்தம். நாங்கள் திச்சி என்போம். மழை பொய்த்த வருஷத்தில் பிறந்தவன். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தண்ணீர் தெளித்தும் பிழைக்கவில்லை. அதனால் அப்பா கரும்பு வெட்டப் போய் அங்கேயே தங்கியிருந்த சமயத்தில் அம்மா எனிஃபா அத்தையை வேலி வழியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, இவனையும் சேத்துக்குங்க. ஆனா அவருக்குத் தெரியக் கூடாது."

"பெலிதா, இந்த வீட்டுக்குள்ள நான் பாக்கிறதும் கேக்கிறதும் வெளியே போகாதுன்னு கை குடுத்துட்டுத்தான் வேலைக்கே சேர்ந்தேன்."

"சத்தியமா?"

"செத்தாலும் போகாது. உன் பொண்ணு வாயைத்தான் தைக்கணும்."

"எனக்கு ஊசி போட அனுமதி வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டேன். தோள் குலுங்கியது.

பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். அதில் ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இந்த வீட்டில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிவு செய்வது யார்?" அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே "அவர்தான்" என்றாள். எனிஃபா அத்தை எழுதிக்கொண்டாள். சோப்பு வேண்டாம் என்று அம்மா சொன்னாள். வீட்டில் கிடந்தால் கேள்வி வரும்.

பனிக்கட்டி வைக்கும் நீலப் பெட்டி ஒன்றைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு அவள் வரும்போது குழந்தைகள் "ஊசி அத்தை, ஊசி அத்தை" என்று பாடிக்கொண்டு ஓடும். நான் ஒருநாள் அந்தப் பெட்டிக்குள் ஒரு தவளையைப் போட்டு வைத்தேன். டாக்டர் கண்ணெதிரிலேயே திறந்திருக்கிறாள். சாயங்காலம் தவளையைக் காதைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். "இதுக்கு அனுமதி இல்லையாம். உன்கிட்டயே குடுத்துடச் சொன்னாங்க."

பருத்தி வெடிக்கும் காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பேச்சு வந்தது. ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்களாம். வாசலில் எதையோ ஊதுவார்களாம், ஆள் மயங்கிவிடுவானாம், குழாயை வைத்து உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்களாம். பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவரின் மச்சானைத் தெரிந்தவர் மட்டும் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். லாக்சனும் சில இளவட்டங்களும் விசில் வாங்கிக்கொண்டு காவல் நிற்க ஆரம்பித்தார்கள். பாலத்துக்கு அருகில் பாறைகளை உருட்டி வைத்தார்கள். பிறகு ஒருநாள் குழந்தைகள் நீலப் பெட்டியைப் பார்த்ததும் பாடாமல் வீட்டுக்குள் ஓடின. எனிஃபா அத்தை சைக்கிளை நிறுத்தி, காலியான பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய தலைவர் செத்துப்போனார். வயசாகிச் செத்தார். ஆனால் செத்தவரின் முகம் வெளிறியிருந்ததாகக் குளிப்பாட்டியவர்கள் சொன்னார்கள். செத்தவர் முகம் வேறெப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

புதைக்கும் நாள் விடிந்தபோது பாலத்தில் காவல் நின்றவர்களைத் தவிர ஆண்கள் எல்லோரும் இடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பாவும் போயிருந்தார். எனிஃபா அத்தை இடுப்பில் துணி சுற்றி, சாவு வீட்டுக்குக் கொடுக்க ஒரு தட்டில் மாவு எடுத்துக்கொண்டு அம்மாவோடு சேர்ந்து போக வந்தாள். சாவு நாளில் யாரும் ஆய்வு வேலை பார்க்கக் கூடாது என்பது அந்த அனுமதித் தாளிலேயே இருந்த நிபந்தனை. அதை டாக்டரிடம் சொல்லிச் சேர்க்கச் செய்ததே அவள்தான்.

திச்சி பாயில் படுத்திருந்தான். அவன் படுத்திருப்பவன் இல்லை. எனிஃபா அத்தை மாவுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் உள்ளங்கையைப் பிரித்தாள். உள்ளே சிவப்பே இல்லை. சுண்ணாம்பு பூசினது போல் இருந்தது. கண்ணிமையைக் கீழே இழுத்தாள். அங்கேயும் இல்லை. மூச்சு நாய்க்குட்டியின் மூச்சு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ரத்தம் பார்க்கிற சின்னக் கருவியை எடுத்துவந்து விரலில் குத்தினாள். சொட்டு வர மறுத்தது. வந்ததும் தண்ணீர் மாதிரி இருந்தது. கருவி காட்டிய அளவை எங்களிடம் சொல்லவில்லை.

"சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது பெலிதா. இவனுக்கு ரத்தம் ஏத்தணும்."

"நான் வர முடியாதுக்கா. தலைவர் சாவுல களி கிண்ட நான் இல்லேன்னா வீட்டுக்காரர் காதுக்குப் போயிடும். போச்சுன்னா என்னை எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுவார். பிள்ளைங்களை விடமாட்டார். என்னைக் கட்டிக்க ஆடு மாடெல்லாம் குடுத்திருக்கார்ல, பிள்ளைங்க அவரோடதுதான்."

"நீ களி கிண்டு. நான் போறேன்."

"நீங்க சாவுக்கு வரலேன்னா?"

எனிஃபா அத்தை திச்சியை முதுகில் கட்டி, அவன் தலைமேல் இன்னொரு துணியைப் போர்த்தினாள். ஆஸ்பத்திரி வாசலில் கேள்வி கேட்காமல் விடுவார்கள் என்று நீலப் பெட்டியையும் கட்டிக்கொண்டாள். "உலேமு, என் மாவை நீ கொண்டுபோய்க் குடு. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

மாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாவு வந்திருக்கு. ஆள் எங்கே?" சுற்றி இருந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். நான் எல்லோரையும்விட உரக்க அழ ஆரம்பித்தேன். என் அழுகையை யாரும் நம்பவில்லை. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அது நிஜ அழுகை.

பாலத்தில் காவலுக்கு நின்ற லாக்சன் அவளைப் பார்த்துவிட்டான். நீலப் பெட்டி, முதுகில் முகம் மூடிய மூட்டை, வேகம். சவப்பெட்டி குழிக்குள் இறங்குமுன் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

இரண்டாம் நாள் பொழுது சாயும்போது திச்சியை வேலிக்கு மேலாக எங்களிடம் கொடுத்தாள். அவன் உடம்பு கதகதப்பாக, கனமாக இருந்தது. சின்னம்மா வீட்டில் விட்டிருந்தோம் என்று அப்பாவிடம் அம்மா சொன்னாள். கையில் ஊசி ஏறிய இடம் கன்றிப்போய் இருந்தது. அதனால் கல்லும் வேகிற எங்கள் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்ட ஒரே ஆள் என் தம்பிதான். கேட்டவர்களிடம் கரும்புக் கம்பெனி அதிகாரியாகப் போகிறான் என்று சொன்னேன்.

மறுநாளிலிருந்து எனிஃபா அத்தையின் சுவரோரம் புல் சேர ஆரம்பித்தது. கூரை வேய்கிற காய்ந்த புல். யார் வைத்தார்கள் என்று தெரியாது. முதலில் ஒரு பிடி. அப்புறம் வாசலின் இரு பக்கமும் ஒவ்வொன்று. தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், யாரும் வைக்கிற மாதிரி தெரியவில்லை, ஆனால் வளர்ந்தது. ஆளுக்கு ஒரு பிடி என்றால் கொளுத்தியது யாருமில்லை என்றாகிவிடும். நான் விடியும்போதே போய்க் கையில் அள்ள முடிந்ததை அள்ளி எங்கள் ஆட்டுக்குப் போட்டேன். அந்த ஆடு அதற்கு முன்னும் பின்னும் அப்படித் தின்றதில்லை. ஆனால் ஊர் பெரியது, ஆடு ஒன்றுதான்.

கிணற்றடியில் அவள் வந்தால் எல்லோரும் விலகி வழி விட்டார்கள். அது மரியாதை இல்லை. டாக்டர் போனில் கூப்பிட்டார். தானே வந்து ஊருக்கு விளக்கம் சொல்வதாகச் சொன்னார். "நீங்க வாயைத் திறந்தா ஒரு வீடு உடையும். வராதீங்க" என்று சொல்லிவிட்டாள். ஆய்வை நிறுத்தி வைத்தார்கள்.

புல் சன்னல் உயரத்துக்கு வந்த நாளில் புதுத் தலைவர் வைசன் புளியமரத்தடியில் ஊரைக் கூட்டினான். போன மாதம்வரை சந்தையில் போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன். அவன் விசாரிக்கும் முதல் வழக்கு. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் திருகாணி தேடுகிறவன் மாதிரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனிஃபா அத்தையை நடுவில், பாயில் உட்கார வைத்திருந்தார்கள். பாயில் வேறு யாரும் இல்லை.

"தலைவர் சாவன்னிக்கு எங்கே போனீங்க அத்தை?" என்றான் வைசன்.

"போக வேண்டிய இடத்துக்கு."

"மூட்டையில என்ன இருந்துச்சு?" என்று எழுந்தான் லாக்சன். "தலைவர் முகம் ஏன் வெளுத்துச்சு? பெட்டியில என்ன கொண்டுபோனே, சொல்லு!"

"உன் மூளையைத்தான் தேடிக்கிட்டுப் போனேன் லாக்சன். பெட்டி காலியாவே திரும்பி வந்துச்சு."

யாராவது சிரித்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. 

"அத்தை, கெஞ்சிக் கேக்கிறேன்" என்றான் வைசன். "ஒரே ஒரு வார்த்தை. சூரியன் அந்தப் பனை உச்சிக்கு இறங்கட்டும். அதுக்குள்ள சொல்லிட்டா என்னால இவங்களைத் தடுக்க முடியும். அப்புறம் முடியாது."

"கை குடுத்திருக்கேன் தலைவரே. சொல்ல முடியாது."

"யாருக்குக் கை குடுத்தீங்க?"

"அதையும்தான்."

நான் எழுந்துவிட்டேன். "மூட்டையில இருந்தது நான்தான்! எனக்குக் கால் சுளுக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க!"

"அன்னிக்குச் சாவு வீட்டுல ஒப்பாரி வெச்சுக் காதைக் கிழிச்சது யாராம், உன் பேயா?" என்றாள் ஒருத்தி. "உக்காருடி. விளையாட இது நேரமில்ல." வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நல்ல காரியத்துக்குப் பொய் சொன்னேன், அதுவும் செல்லுபடியாகவில்லை.

ஆண்கள் பக்கத்தில் அப்பா தூய வெள்ளை அங்கியில், கோலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். சூரியன் பனங்குருத்தைத் தொட்டது. லாக்சனின் ஆட்கள் இரண்டு பேர் எழுந்து எனிஃபா அத்தையின் வீட்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். அவசரமே இல்லாமல் நடந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கால்விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பக்கத்தில் ஓர் அசைவு. அம்மா திச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் நடந்து வந்தாள். பாயில், எனிஃபா அத்தைக்குப் பக்கத்தில், உட்கார்ந்தாள்.

"பெலிதா, எழுந்து போ" என்றாள் எனிஃபா அத்தை, உதடு அசையாமல். "நான் பாத்துக்கிறேன், போடி."

அம்மா திச்சியின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். கன்றிய இடம் மஞ்சளும் நீலமுமாகத் தெரிந்தது. "மூட்டையில இருந்தது இவன். இந்த அக்கா யார் ரத்தத்தையும் எடுத்துக்கிட்டுப் போகல. இவனுக்கு ரத்தம் வாங்கிட்டு வந்தாங்க."  பிறகு எனிஃபா அத்தையின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டீங்களேக்கா, ஆஸ்பத்திரிக்குப் போக யார் முடிவு செய்யறதுன்னு. மாத்தி எழுதிக்குங்க. நான்தான்."

போன இரண்டு பேரும் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். லாக்சன் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். திச்சி கூட்டத்தைப் பார்த்துக் கை ஆட்டினான். அவனுக்கு இதெல்லாம் தன் கல்யாணம் என்று நினைப்பு.

அப்பா எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. அங்கியைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போகாமல், சபை இருக்கிற பக்கமாக நடந்தார்.

நாங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். முற்றத்தில் நின்றுகொண்டே பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் பிள்ளை உடம்புல எவனோ ஒருத்தன் ரத்தம் ஓடுது. அவன் திருடனோ கொலைகாரனோ."

"உயிரோட இருக்கான்" என்றாள் அம்மா.

"உன் துணிமணியைக் கட்டு. பிள்ளைங்க இங்கேயே இருக்கும். சபைக்காரங்க வராங்க. ராத்திரி முழுக்க ஜெபிச்சு அந்த ரத்தத்தைக் கழுவணும்."

எப்படிக் கழுவுவார்கள் என்று நான் கேட்கவில்லை. போன வருஷம் வலிப்பு வந்த ஒரு பெண்ணை ஆற்றில் முக்கிக் கழுவினார்கள். அவள் இப்போது பேசுவதில்லை.

அம்மா துணியைக் கட்டவில்லை. திச்சியை இறுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அப்பா கையை நீட்டினார். அப்போது வேலிக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது. எனிஃபா அத்தை உள்ளே வந்தாள். தலையில் சாவு வீட்டுக்குக் கட்டுகிற மாதிரி துணி கட்டியிருந்தாள். கையில் ஒரு தட்டு மாவு. அதை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டு, முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"எதுக்கு வந்தே?" என்றார் அப்பா.

"உக்கார வந்தேன்."

"இங்க யார் செத்தா?"

"இன்னும் யாரும் சாகல."

எங்கள் சாவு வழக்கப்படி, மாவு வந்து ஆள் உட்கார்ந்துவிட்டால் அந்த முற்றத்தில் யாரும் கை ஓங்கக் கூடாது, யாரையும் வெளியே அனுப்பவும் கூடாது. அது அப்பாவுக்கும் தெரியும். செத்தவர் இல்லாமல் யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவர் நீட்டிய கை அப்படியே நின்றது.

வேலியோரம் இன்னொரு பெண் வந்தாள். அன்றைக்கு மாவுத் தட்டை வாங்கிக்கொண்டு ஆள் எங்கே என்று கேட்டவள். கண்ணைத் தூக்காமல் எனிஃபா அத்தைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அந்தச் சுவரோரம் புல் வைத்த கைகளும் அதில் இருந்திருக்கும். யார் யாருடையது என்று நான் பார்க்கவில்லை. கடைசியில் வைசன் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டான்.

"எவ்வளவு நாள் உக்காருவே?" என்று கேட்டார் அப்பா.

"ஆய்வுக்கு ரெண்டு வருஷத்துக்கு அனுமதி இருக்கு" என்றாள் எனிஃபா அத்தை. தோள் குலுங்கவில்லை.

தூரத்தில் முரசு கேட்டது. பருத்திக் காட்டுக்கு நடுவில் வரிசையாக வெள்ளை அங்கிகள் வந்துகொண்டிருந்தன. பருத்தி எது அங்கி எது என்று அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் போய் அவர்களுக்காக நின்றார். நான் போய் எனிஃபா அத்தையின் இடது பக்கம் உட்கார்ந்தேன். அம்மா வலது பக்கம். எனிஃபா அத்தை திச்சியை வாங்கி மடியில் வைத்து, அவன் உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டாள். வெளுத்தது. மெல்ல மெல்லச் சிவந்தது. முரசு இன்னும் கிட்டே வந்தது. அவள் மறுபடியும் அழுத்திப் பார்த்தாள்.